முழ எழுத்து, எள் எழுத்து

நம்முடையவற்றைப் போலவே ஓங்கூர் நாட்டு எழுத்துகளும் ஒரே உயரத்தில் பிறந்தவைதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்து அரசரைத் தேர்ந்தெடுக்கும் நாடு அது. அப்படி அரியணை ஏறிய ஓங்குபுகழார், ஒருநாள் தெருப்பலகை ஒன்றில் தம் பெயரும் ‘குப்பை’ என்ற சொல்லும் சமமான உயரத்தில் நிற்பதைக் கண்டார். அன்று மாலையே சட்டம் வந்தது. அரசர் பெயர் ஒரு முழம். அமைச்சர் பெயர் ஒரு சாண். அதிகாரி பெயர் நான்கு விரற்கடை. செய்தி எதுவானாலும் எஞ்சிய இடத்தில், எள் அளவில்.

பலகையில் வராத எதையும் ஓங்கூரார் நம்பமாட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றாலும் பலகையில் எழுதிய பிறகுதான் பந்தல்கால் நடுவார்கள். அந்தப் பலகைகளை எழுதும் வேலை மரகதவல்லிக்கு.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஏரி நிரம்பியது. ‘கரை உடையப்போகிறது, கீழத்தெருவார் மேட்டுக்குச் செல்லவும்’ என்று எழுத ஆணை வந்தது. எச்சரித்த பெருமை தமக்கும் வேண்டும் என்று ஆறு அமைச்சர்கள் பெயர் கொடுத்தார்கள். எல்லாரையும் எழுதி முடித்தபோது பலகையின் அடியில் உள்ளங்கை அகலம் மிஞ்சியது. மூன்று மயிர் கொண்ட தூரிகையால் அதில் செய்தியை எழுதினாள்.

தண்ணீர் வந்தபோது பதினொரு பேர் பலகையில் மூக்கு இடிக்க நின்றிருந்தார்கள். அவள் கணவர் தணிகாசலம், எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரோடு சேர்த்துப் பதினொரு பேரும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். இரங்கல் பலகையை அவளே எழுதினாள். துயரத்தின் ஆழம் கருதி அரசர் பெயர் அதில் ஒன்றரை முழம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எழுத்தளவை அதிகாரி தாண்டவமூர்த்தியிடம் மனு கொண்டுபோனாள்.

“செய்தியப் பெரிசா எழுதலாங்க ஐயா. பேரு வேணும்னா அடியில இருந்துட்டுப் போகட்டும்.”

“ஏம்மா, செய்தி இன்னிக்கு வரும், நாளைக்குப் போயிடும். பேருதான் நிக்கும். நிக்கிறதுக்குத்தானே இடம் குடுக்கணும்?”

“நின்னு படிச்சவங்கதாங்க ஐயா செத்தாங்க.”

“அவங்களைச் சீக்கிரம் படிக்கப் பழக்கணும். அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்.”

அடுத்த தேர்தலில் ஓங்குபுகழார் தோற்றார். ‘எல்லா எழுத்தும் ஒரே அளவு’ என்ற ஒரே வாக்குறுதியோடு வென்றவருக்கு எளிமைச்சிகரம் என்று பட்டம். அவர் மரகதவல்லியின் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடிந்ததும், ஓவியர் வரைந்து முடிக்கும்வரை கண்ணைத் துடைக்காமல் இருந்தார்.

முதல் ஆணை: இனி ஒரு வாக்கியத்தில் முதல் சொல் மட்டுமே பெரிதாக இருக்கலாம்; மற்றவை அனைத்தும் சமம். நாடு வெடி வெடித்துக் கொண்டாடியது. மரகதவல்லியும் அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டாள். பத்தாம் நாள் இரண்டாம் ஆணை வந்தது: எந்த வாக்கியமும் எளிமைச்சிகரம் என்றே தொடங்க வேண்டும். முதல் சொல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது மக்களின் அன்புக்கு விடப்பட்டது. அன்பைச் சோதிக்க அளவுகோலோடு ஆட்கள் வந்தார்கள். பள்ளிப்பிள்ளைகள், ‘எளிமைச்சிகரம் ஆளும் நாட்டில் பூனை பால் குடித்தது’ என்று எழுதினார்கள். வைத்தியர்களின் சீட்டில், மருந்தை எத்தனை வேளை குடிப்பது என்று எழுத இடம் போதவில்லை. குத்துமதிப்பாகக் குடித்தவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

மறுபடி ஐப்பசி. மறுபடி ஏரி தளும்பியது. போன முறை உடைந்த இடத்தில் மண் கரைவதை மரகதவல்லி காலையிலேயே பார்த்தாள். கீழத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

“பலகையில வரட்டும்க்கா, போலாம்” என்றாள் அரிசி களைந்துகொண்டிருந்த குப்பம்மா.

“வர்ற வரைக்கும் தண்ணி காத்திருக்குமாடி?”

“நீயே பலகை எழுதறவ. நீ எழுதாததை நாங்க எப்படி நம்புறது?”

ஒப்புதலுக்காகத் தாண்டவமூர்த்தியிடம் ஓடினாள். வாசகம் ‘ஏரி’ என்று தொடங்குவதாக அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“தலைவர் பேருக்கு அப்புறம் ‘உடைகிறது’ன்னு எழுதலாமான்னு மேலிடத்துல கேட்டிருக்கேன். அபசகுனமாப் படுது பாரு.”

சுண்ணாம்பு வாளியோடு கீழத்தெரு முனைக்கு வந்தாள். பலகையில் ஆள் உயரத்துக்கு இருந்த பெயரின்மேல் வெள்ளை அடித்தாள். செய்தியை மட்டும் பெரிதாக எழுதுவதாக எண்ணம். ஆனால் சுண்ணாம்பு காயாமல் எழுத்து நிற்காது. ஈரக்காற்றில் அது காய்வதாக இல்லை. தூரிகையைப் பிடித்தபடி நின்றாள்.

முதலில் பார்த்தவள் குப்பம்மாதான்.

“பேரக் காணோமே.”

“தலைவருக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோ?” என்றார் பால்காரர்.

“ஆயிருந்தா கறுப்புல இன்னும் பெரிசா எழுதியிருப்பாங்க” என்றார் இன்னொருவர்.

“அப்ப இது அதவிடப் பெரிசு” என்றாள் குப்பம்மா. அரிசிப் பானையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள்.

தெரு காலியாக அரை நாழிகைகூட ஆகவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்தவரைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். கடைசியாக மேடேறியவளின் குதிகாலை நனைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. இந்தமுறை யாரும் சாகவில்லை.

விசாரணை மூன்று நாள் நடந்தது.

“எதைப் படிச்சிட்டு இத்தனை பேரும் ஓடினாங்க?” என்று கேட்டார் தாண்டவமூர்த்தி.

“ஒண்ணுமே எழுதலைங்க ஐயா. அதத்தான் படிச்சாங்க.”

அறிக்கை அரசரிடம் போனது. ‘எளிமைச்சிகரம் அவர்களின் பெயர் இருந்தவரை மக்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அது மறைந்த உடனே வீடுவாசலை விட்டு ஓடினார்கள். நாட்டை நிலைநிறுத்துவது பெயரே என்பது ஐயமற நிரூபணமாகிறது’ என்று அதில் கண்டிருந்தது. அரசர் நெகிழ்ந்துபோனார். வெற்றுப் பலகை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. சுண்ணாம்பு வாங்க உரிமம் வேண்டும் என்றானது. மரகதவல்லிக்கு இரண்டாண்டுச் சிறை.

கீழத்தெருவார் திரும்பி வந்து சேற்றை வாரிக் கொட்டினார்கள். முனையில் முன்னைவிட உயரமாக ஒரு பலகை நடப்பட்டிருந்தது. ஏரிக்கரையின் உடைப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதை அடைக்கச் சொல்லி அதிகாரிகள் ஆணை எழுத உட்கார்ந்தார்கள். முதல் சொல்லோடு தாள் தீர்ந்துவிட்டது.