மாப்ளையின் காருக்குச் சூடு தணித்த விவரம்

சிம்மக்கல், மதுரை
12-6-84

மெட்ராஸில் உத்தியோகம் பார்க்கும் அருமை மாப்ள தவசிக்கு, தாய்மாமன் நல்லகாமன் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். நீ என்னை நம்பி விட்டுப்போன அம்பாசிடர் அதைவிடச் சுகம், என் கொட்டகையில் கழுவித் துடைத்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரத்துக்கு அதிலேதான் பொண்ணு பார்க்கப் போகணும் என்று எழுதியிருந்தாய், ராசா மாதிரிப் போகலாம்.

போன வாரம் எழுமலையில் உன் சின்னம்மா ஒச்சாயி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் மாட்டுவண்டியில் போனால் உன் கவுரவம் என்னாகிறது என்று காரை எடுத்தேன். உசிலம்பட்டி தாண்டலை, எஞ்சின் கொதிக்குது. மனுசனுக்குச் சூடு பிடிச்சா என்ன செய்வோம்? விளக்கெண்ணெய்தானே? நான் ஆறாம் வகுப்பு, அந்தக் காலத்து ஆறாம் வகுப்பு, யோசிக்காம இருப்பேனா? பெட்ரோல் டேங்கில் அரைப் போத்தல் விளக்கெண்ணெய், பெட்ரோலே சூடாச்சே என்று அதைத் தணிக்க ரெண்டு லிட்டர் மண்ணெண்ணெய். பக்கத்துப் பட்டறை மெக்கானிக் கருப்பு, "அண்ணே, ஊத்தாதீக, கரியாக் கக்கும்"னான். "போடா, மெட்ராஸ் ஆபீசருகளே என்கிட்டதான் யோசனை கேக்குறாக"ன்னேன்.

எழுமலையில் முன்னால கொட்டு, நடுவுல கார், பின்னால சீர்த்தட்டு ஏந்தி நாப்பது பொம்பளைக. புகைன்னா அம்புட்டுப் புகை! வெள்ளை வேட்டி, தேங்காய், கல்கண்டு அத்தனையும் கறுப்பு. ஒச்சாயி இருமிக்கிட்டே ஓடியாந்து, "அண்ணே, சீரு கொண்டாந்தியா, செங்கச் சூளை கொண்டாந்தியா?"ங்கிறா. எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? ஈரச்சாக்கைச் சுருட்டிப் புகைக்குழாயில திணிச்சேன், வடிகட்டி! புகை நின்னுச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு. ஒரு மிதி மிதிச்சேன் பாரு, டமார்! சாக்கு பறந்து, உள்ளே இருந்த கரியோட, பின்னால வந்த ஒரு பெரியவர் முகத்துல அப்பிக்கிச்சு. யாருங்கிறே? விருமாண்டி. நீ பார்க்கப் போற பொண்ணோட அப்பா. சொந்தமாம், விருந்துக்கு வந்தவராம். பயப்படாதே, அரைமணி நேரம் உன் பெருமையைப் பேசினேன், மனுசர் வாயே திறக்கலை.

ஆகவே கவலையில்லை. சீக்கிரமே மாலையும் கழுத்துமாய் நிற்பாய். அத்தை உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றே நாடும் மாமன்,
நல்லகாமன்

பி.கு: கார் என் கொட்டகையில் இல்லை, விருமாண்டி வீட்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால நிற்குது, அவரை அவனியாபுரத்துல கொண்டுபோய் விட்டதோட ஸ்டார்ட் ஆகலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வா. அவருக்கு ஒரு புது வேட்டி சட்டை எடுத்துக்கிட்டு வா. முகத்தைத் துடைச்ச துண்டை மோந்து பார்த்துட்டு அவர் வாய் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பெட்ரோல் வண்டியில விளக்கெண்ணெய் ஊத்துன கிறுக்கன் எவன்?" பக்கத்துல பத்துப் பேர் நின்னாக மாப்ள. உன் பேரைச் சொல்லிட்டேன்.