பலா மரத்து மாப்பிள்ளை

'கேஸ்' என்ற ஒரு வார்த்தை மட்டும் இல்லையென்றால் நம் ஊர் ஆண்களில் பாதிப் பேர் வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். நெஞ்சு கனமாக இருக்கிறதா, கேஸ். ராத்திரி தூக்கம் வரவில்லையா, கேஸ். மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லையா, வயிற்றைத் தடவிக்கொண்டு ஓர் ஏப்பம் விட்டால் போதும், அதுவும் கேஸ்தான். நான் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் குடும்பம் நடத்தியவன்.

எனக்கு நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. எந்த லாரி எந்த ஊரில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லாரிகள் காஷ்மீர் வரைக்கும் போய்வரும். நான் பாத்ரூம் வரைக்கும் போய்வருவேன். (அதையும் முடிந்தவரை தள்ளிப்போடுவேன்.) காலையில் முட்டை பப்ஸ், அப்புறம் டீயும் போண்டாவும், மத்தியானம் பரோட்டா, சாயங்காலம் மறுபடியும் பப்ஸ். பேக்கரிக்காரர் என் தலையைக் கண்டதும் கேட்காமலே தட்டை நீட்டுவார். அவர் மகன் என்னை 'பப்ஸ் மாமா' என்றுதான் கூப்பிடுவான்.

உடம்பு பெருத்தது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. கல்யாண மோதிரம் விரலுக்குள் புதைந்து போனது. இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழிப்பு வந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி மத்தியானம் வரை கிடப்பேன். கிரிக்கெட் பிடிக்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, பப்ஸ்கூட உண்மையில் பிடித்துத் தின்னவில்லை. "ஏனுங்க, என்னாச்சுங்க உங்களுக்கு?" என்று என் மனைவி செல்வி கேட்பாள். நான் வயிற்றைத் தடவுவேன். அவள் ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பெருங்காயம் போட்ட மோர் என்று வரிசையாகக் கொடுத்தாள். அவற்றைக் குடித்ததில் இல்லாத கேஸும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் ஆபீஸில் காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன், எப்படித் தூங்குகிறேன் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இது கேஸ் இல்லீங்க. மனச்சோர்வு. மனசு சோர்ந்துட்டா உடம்பு அசையாது, கண்டதத் திங்கச் சொல்லும். உடம்பு அசையலைன்னா மனசு இன்னும் சோர்ந்து போகும். ரெண்டும் ஒன்னையொன்னு இழுத்துட்டுப் போகுது. கொஞ்சம் கொஞ்சமா நடக்க ஆரம்பிங்க, பப்ஸ விடுங்க, மொதல்ல ஊட்ல சொல்லுங்க. மாத்திரை வேணுமான்னு அடுத்த வாரம் பாக்கலாம்."

இதில் 'கொஞ்சம் கொஞ்சமா' என்பதையும் 'ஊட்ல சொல்லுங்க' என்பதையும் நான் அங்கேயே மேஜை மேல் விட்டுவிட்டு வந்தேன். ஒரே நாளில் உடம்பை அசைத்துத் தீர்த்துவிட்டால் வீட்டில் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்பது என் கணக்கு.

தோதாக, அந்த வாரம் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு) மாமனார் தோட்டத்தில் மிளகு பறிப்பு. சனிக்கிழமை சாயங்காலம் கொல்லிமலை பஸ்ஸில் ஏறினோம். வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறும்போது எனக்கு ஒரு வீரம் வந்தது. செல்வியிடம், "நாளையோட எல்லாம் சரியாயிடும் செல்வி. இனிமே என்னால உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றேன். என் மனக்கண்ணில் ஒட்டிய வயிற்றோடு நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். செல்வி மிச்ச வளைவுகள் முழுக்க என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். (வாந்தி வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.)

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் அதே மலையில், குண்டனி நாட்டில் பிறந்தவன். மலைக்காரனுக்கு மரம் ஏறத் தெரியாது என்று மலையில் யாருமே நினைக்க மாட்டார்கள். ஆனால் நான் சின்ன வயதிலேயே கீழே போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். அங்கே ஏறுவதற்கு மாடிப்படிதான் இருந்தது. பெண் பார்க்கப் போனபோது இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். "எனக்குப் பசிக்கலீங்க, நீங்க போங்க" என்றேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் வாயிலிருந்து அந்த வீட்டில் வராத வாக்கியம் அது.

ஆள் நடமாட்டம் அடங்கியதும் வேலையை ஆரம்பித்தேன். மிளகுக்கொடி படர்ந்த ஒரு பெரிய பலா மரம். அதில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கணுக்களில் கால் வைத்து ஏற வேண்டும். பறிக்கப் போகிறவர்கள் இடுப்பில் சாக்குப் பை கட்டிக்கொள்வது வழக்கம். நானும் கட்டப் பார்த்தேன். கயிறு என்னைச் சுற்றி வந்து சேரவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். அதன் மேல் செல்போன், பர்ஸ். மூங்கிலைப் பிடித்தால் மோதிரம் அழுத்தியதால், எச்சில் தொட்டு அதையும் உருவி வைத்தேன். செருப்பைப் பக்கத்தில் ஜோடியாக விட்டேன். நல்ல பழக்கம் எல்லாம் அன்றைக்கென்று வந்து தொலைந்தது.

எப்படியோ ஏறிவிட்டேன். பெரிய கிளை பிரியும் கவட்டையில் உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கியது, ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு மனதுக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. அந்தச் சந்தோஷத்தில் காலை நீட்டினேன். கால் பட்டு ஏணி சாய்ந்து, மெதுவாகப் புல்லில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மரத்தைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் மாமியார் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். மடித்த சட்டையைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், கீழே கிடந்த ஏணியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். தூக்குப்போசி கையிலிருந்து விழுந்தது.

"அய்யோ சாமி, வேண்டாஞ் சாமி" என்று அவர் போட்ட சத்தத்தில் தோட்டமே கூடிவிட்டது. அவர்கள் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மாப்பிள்ளை, சோறு வேண்டாம் என்றுவிட்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பை இல்லாமல் மரம் ஏறி, ஏணியையும் தள்ளிவிட்டிருக்கிறான். இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பானோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குண்டனி நாட்டுக்காரனாயிற்றே.

"ஏணியை எடுத்து வையுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். வாய் வரவில்லை. மலையில் பிறந்தவன் பலா மரத்தில் மாட்டிக்கொண்டான் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வார்களே.

"மச்சான், எங்கிட்ட வாங்கிட்டுப் போன பைக்க நீங்களே வெச்சுக்குங்க, இனி நான் கேக்கவே மாட்டேன்" என்றார் செல்வியின் அண்ணன். மாமனார் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மாப்ள, பொங்கலுக்கு உங்க தொப்பையப் பத்திச் சொன்னது தப்புத்தானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மாமியார், "சாமி, செம்மேட்டுக் கடைக்கு ஆளனுப்பிப் பரோட்டா வாங்கியாறச் சொல்றேன். எறங்கி வாங்க கண்ணு" என்றார். (ஒரு கணம் சபலம் தட்டியது உண்மை.) யாரோ ஒருவர் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லலாமா என்றார். அது எழுபது வளைவு ஏறி வருவதற்குள் மிளகே காய்ந்துவிடும் என்றார் இன்னொருவர். இதற்குள் செவ்வெறும்புகள் என் வேட்டிக்குள் குடிபுகுந்துவிட்டன. நான் நெளிந்தேன். நெளிந்தபோதெல்லாம் கீழே அலறினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. மோதிரத்தைக் குனிந்து எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, எத்தன மாசமாக் கேக்கறேன். என்னன்னு மட்டும் சொல்லுங்க. கேஸுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், எறும்பு கடிக்கக் கடிக்க, சத்தமாக அழுதேன்.

"காலையில எந்திரிக்கவே புடிக்கல செல்வி. எதுவுமே புடிக்கல. ஏன்னு தெரியல. டாக்டரு மனச்சோர்வுன்னு சொன்னாங்க. ஊட்ல சொல்லச் சொன்னாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

மாமனார்தான் தொண்டையைக் கனைத்தார். "அதச் சொல்றதுக்கு எதுக்குங்க மாப்ள மரத்து மேல ஏறுனீங்க?"

"உடம்ப அசைக்கச் சொன்னாங்க மாமா."

"செரி. எறங்கி வந்து பேசுங்க."

"எறங்கத் தெரியலீங்க."

முதலில் சிரித்தது செல்விதான். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் தோட்டமே சிரித்தது. அவள் அண்ணன் ஏணியை நிமிர்த்தி ஏறி வந்து, ஒவ்வொரு கணுவிலும் என் பாதத்தைப் பிடித்து வைத்து, ஆளை அங்குலம் அங்குலமாக இறக்கினார். பாதி வழியில் வேட்டி ஒரு கிளையோடு தங்கிவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. (பைக்கை அவர் மறுவாரமே திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.)

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் செல்வியும் கூட வந்தாள். மாத்திரையும் கொஞ்ச காலம் சாப்பிட்டேன். இப்போது மத்தியானம் தூக்குப்போசியில் சாமைச் சோறு போகிறது, ஆபீஸ் முடிந்ததும் இரண்டு பேரும் நாமக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிறோம். பேக்கரிக்காரர் என்னைக் கண்டால் பெருமூச்சு விடுகிறார்.

ஆனால் வளப்பூர் நாட்டில் எனக்குப் பெயர் 'பலா மரத்து மாப்பிள்ளை' என்று நிலைத்துவிட்டது. பஸ் கண்டக்டருக்கும் தெரியும். வீட்டில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், "ஏனுங்க, மேல இருக்கறீங்களா, கீழ இருக்கறீங்களா?" என்பாள் செல்வி. "கீழதான்" என்பேன். சில நாள் "மேலதான்" என்றும் சொல்வேன். அன்றைக்கு அவள் கூடவே உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் ஆபீஸ் விட்டு வந்தபோது விளக்குப் போடாமல் சமையலறையில் செல்வி சும்மா நின்றுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஒன்னுமில்லீங்க, கேஸு" என்றாள்.

நான் பையைக் கீழே வைத்தேன். "எவ்வளவு ஒசரத்துல இருக்கற?" என்றேன்.

வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "கவட்டைக்கே போயிட்டனுங்க" என்றாள்.

"அங்கயே இரு, ஏணி எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். இரண்டு பேரும் நடக்கக் கிளம்பினோம்.