மயிலுக்குக் கிடைத்த மைக்

ஒரு காட்டில் ஓர் ஊற்று இருந்தது. கோடை தொடங்கும்போது மேட்டுமண் சரிந்து அதை மூடிவிட்டது. தோண்டி எடுக்க மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தன. சங்கம் என்றால் தலைவர் வேண்டுமே! தோகை பெரிதாக இருந்ததால் மயில் ரத்தினசாமியைத் தலைவராக்கின.

தோண்டுவதில் கெட்டிக்காரி காட்டுப்பன்றி செவந்தி. அவளுக்குச் சின்னச் சின்னக் குட்டிகள். ஊற்று திறக்காவிட்டால் அதுகளை இழுத்துக்கொண்டு தார்ரோட்டைத் தாண்டி ஊர்க்குளத்துக்குப் போகவேண்டும். ரோட்டில் லாரிகள் பறக்கும். கடைசிக்குட்டிக்கோ நேராக நடக்கவே தெரியாது.

தலைவர் தினமும் விடிந்ததும் மீட்டிங் போட்டார். எல்லாரும் வட்டமாக நின்று, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். எல்லாரும் "தோண்டப்போறேன்" என்றார்கள். வேறு என்னத்தைச் சொல்வது? ஒவ்வொருவருக்கும் தலைவர் தோகை விரித்துப் பாராட்டுவார். விரித்ததை மடக்கி முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிடும்.

ஒருநாள் முள்ளம்பன்றி அய்யாவுவைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து எவ்வளவு தோண்டினே?"

"நேத்து முழுக்க மீட்டிங்ல நின்னேன் தலைவரே."

"அப்படியா? ஏன் தோண்டலைன்னு நாளைக்குத் தனியா ஒரு மீட்டிங் போட்டுப் பேசிருவோம்."

கரடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மீட்டிங் முடிந்து குழியில் இறங்கினாலும் விடமாட்டார். எட்டிப் பார்த்து, "கொஞ்சம் இடதுபக்கம்" என்பார். அங்கே தோண்டினால், "ம்ஹூம், பழைய இடமே தேவலை" என்பார். தோண்டிய மண் பழைய குழியிலேயே விழும்.

செவந்தி யோசித்தாள். அவள் கிழங்கு தோண்டும்போது கடைசிக்குட்டி காலுக்குள்ளேயே நுழைந்து நுழைந்து வரும். அவள் அடிப்பதுமில்லை, அதட்டுவதுமில்லை. ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையை உருட்டிவிடுவாள். உள்ளே விதை கடகடவென்று சத்தம் போடும். குட்டி அதன் பின்னாலேயே போய்விடும். இவள் வேலை முடிந்துவிடும்.

'தோகை முளைச்சாலும் புள்ள புள்ளதானே' என்று அவளுக்குத் தோன்றியது.

வெங்காய வண்டியிலிருந்து ரோட்டோரம் விழுந்த மைக் ஒன்றை அய்யாவு எடுத்து வைத்திருந்தான். அதை வாங்கி, வனத்துறை சோலார் கம்பத்தில் சார்ஜ் போட்டு, தலைவரிடம் கொண்டுபோனாள்.

"தலைவரே, ஊத்து வந்தா திறப்பு விழாவுல நீங்கதானே பேசணும். ஒத்திகை பாக்க வேணாமா? அந்த மேட்டுப்பாறையில நின்னு பேசினா எதிரொலி என்னமா வரும் தெரியுமா!"

"அங்கேருந்து உங்களை எப்படிக் கவனிக்கிறது?"

"உங்க குரல் கேட்டுக்கிட்டு இருந்தாலே எங்களுக்குக் கை தானா ஓடும் தலைவரே."

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. பாறையில் ஏறி பட்டனை அமுக்கினார். "பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், ஓடி வாங்கம்மா" என்று மைக் முதலில் தன் பழைய பாட்டைப் பாடி முடித்தது. பிறகு, "என் அன்பான உழைப்பாளிகளே..." என்று தலைவர் ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை இறங்கவில்லை. மறுநாளும் தானாகவே ஏறிப்போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஊற்று பொங்கியது. குட்டிகள் மூக்குவரை முக்கிக் குடித்தன.

திறப்பு விழாவுக்குப் பக்கத்துப் பெருங்காட்டிலிருந்து காட்டெருமைகள் வந்திருந்தன. "எப்படி ஐயா சாதிச்சீங்க?" என்று கேட்டன.

"நான் யார் வேலையிலயும் தலையிடறதே இல்லை" என்றார் ரத்தினசாமி.

இப்படி ஒரு தலைவரா என்று காட்டெருமைகள் கண்கலங்கி, அவரைக் கையோடு தங்கள் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போயின. அங்கே பெரிய மைக் இருக்கிறது என்றதால் இதை இங்கேயே விட்டுப் போனார்.

அடுத்த தலைவி யார்? செவந்திதான். வேறு பேச்சே எழவில்லை.

"நான் மீட்டிங்கே போடமாட்டேன்" என்று சொல்லித்தான் பொறுப்பேற்றாள். மழை வந்தால் மறுபடி மண் சரிந்து ஊற்றை மூடும். அதற்குள் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டவேண்டும். எல்லாரும் இறங்கினார்கள்.

"ஒரே ஒரு விஷயம் மட்டும்" என்றாள் செவந்தி. "கொஞ்சம் வட்டமா நில்லுங்க."

சொன்னாள். சொல்லச் சொல்ல இன்னும் சொல்லவேண்டியது வந்துகொண்டே இருந்தது. பிறகு வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தாள். "அய்யாவு, கொஞ்சம் இடதுபக்கம் வெட்டேன்."

அய்யாவு கரடியைப் பார்த்தான். கரடி மேட்டைப் பார்த்தது.

"அக்கா, நீங்க சொன்னா எவ்வளவு தெளிவாப் புரியுது!" என்றான் அய்யாவு. "அந்தப் பாறையிலேருந்து சொன்னீங்கன்னா கடைசி எறும்புக்கும் கேக்கும்." மைக்கைத் துடைத்து அவள் முன்னால் வைத்தான். முழு சார்ஜ் இருந்தது.

'பையனுக்கு எப்படிப் பொறுப்பு வந்திருச்சு பாரேன்' என்று மனம் நிறைந்து செவந்தி மேடேறினாள். பட்டனை அமுக்கினாள்.

"பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், ஓடி வாங்கம்மா..."

கீழே வாய்க்காலில் மண் பறக்க ஆரம்பித்தது.

நீதி: எந்த நிறுவனத்துக்கும் நல்ல தலைவர் அவசியம் வேண்டும், குரல் மட்டும் கேட்கிற தூரத்தில். மைக்குக்கு மறக்காமல் சார்ஜ் போட்டு வையுங்கள்.