பதினாறு யூனிட் ஓடிய காலி வீடு

இரும்பு மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தால் 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். அது எங்கே கேட்டாலும் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். நிலா, மழை, நொய்யல் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவள்தான். எண்களோடு மட்டும் எனக்குப் பிறந்ததிலிருந்தே வாய்க்கால் தகராறு.

நாலு வருடத்துக்கு முன் வெள்ளகோவிலிலிருந்து சிங்காநல்லூருக்குக் குடி மாறினோம். என் கணவர் சாமான் லாரியோடு பின்னால் வர, பால் காய்ச்சுவதற்காக நான் பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டேன்.

"மீட்டர் ரீடிங்கைக் குறிச்சுப்போட்டுத்தான் சுவிட்சைத் தொடோணும் புள்ள. முன்னாடி இருந்தவங்க ஓட்டினது நம்ம தலைல ஏறப்படாது" என்று அவர் மூன்று முறை சொல்லியிருந்தார். (நாலாவது முறையும் சொல்லியிருக்கலாம்.)

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, பாப்பாவுக்கு பத்தரைக்கு ஆன்லைன்ல இன்டர்வியூங்க. கடைசி ரவுண்டு. லேப்டாப் பேட்டரி செத்துப்போச்சு, ஒயரைப் புடுங்கினா அணைஞ்சுக்குது. கொஞ்சம் சத்தமில்லாம பாத்துக்குங்க. இதுவும் போச்சுன்னா அவங்கப்பா கடையில உக்கார வெச்சுப்போடுவாருங்க."

"பூனை மாதிரி இருப்பேனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

மாடிப்படிக்கு அடியில் மூன்று மீட்டர்கள். 'மேல் வீடு' என்று பெயின்டில் எழுதியிருந்ததன் சின்னத் திரையில், நம் ஸ்டாப்பில் நிற்காத பஸ்களைப் போல எண்கள் ஒவ்வொன்றாக வந்து வந்து போயின. என் மனசுக்குப் பிடித்த மாதிரி சுருக்கமாக ஒன்று வந்தது: 1042. நடுவில் இரண்டு புள்ளி. தூசி என்று முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று எழுதிக்கொண்டேன்.

கையோடு கொண்டுவந்த சின்ன கேஸ் அடுப்பில் பால் பொங்கியது. எதற்கும் ஒரு போட்டோ எடுத்து வைப்போமே என்று திரும்பி வந்து பார்த்தால், 1058!

பதறிப்போய் போன் போட்டேன். "ஏனுங்க, ஒரு பல்பு கூடப் போடல. பதினாறு யூனிட் ஓடிப்போச்சுங்க!"

லாரி இரைச்சலுக்கு நடுவே அவர் கத்தினார்: "யாராச்சும் ஒயர் போட்டு இழுக்கறாங்களோ என்னமோ. மெயினை அமத்திப் பாரு புள்ள!"

மேல் வீட்டு மெயினை இழுத்தேன். டொக். 1059. ஆளில்லாத வீடு மூச்சு விடுகிறது! கரண்ட் திருடுவது கீழ் வீடுதான் என்று என் கற்பனை தீர்ப்பெழுதியது. (அந்தம்மா குரலைத் தாழ்த்தியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டாமா?) அடுத்த கைப்பிடியையும் இழுத்தேன். டொக். எண் ஒரே தாவாகத் தாவி 1100-இல் போய் நின்றது.

உள்ளேயிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல்.

வீட்டுக்கார அம்மா ஓடி வந்து கைப்பிடியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' உண்டு. "மொதல்ல அதை மேல தள்ளுங்க அம்மணி."

தள்ளினேன். ஆனாலும் விடாமல் சாட்சிக் காகிதத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

"இது யூனிட் இல்லீங்க. மணிங்க. பதினொண்ணு ஆச்சுங்க."

அதற்குள் அந்தப் பெண் கண்ணீரோடு வெளியே ஓடி வந்தாள். உயிர் வந்த லேப்டாப் அப்டேட் ஆகத் தொடங்கியிருந்ததாம். செல்போனில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். ஆனால் மாடிப்படிக்கு அடியில்தான் சிக்னல் கிடைக்கும். "அக்கா, இதைப் புடிச்சுக்குங்க. ஆட்டாதீங்க."

இருபத்தைந்து நிமிடம் நான் செல்போன் ஸ்டாண்டாக நின்றேன். மூச்சைக்கூட தவணை முறையில் விட்டேன். லாரி வந்தது. கண்ணாலேயே நான் போட்ட அதட்டலில் என் கணவரும் சுமை தூக்குபவர்களும் வாசலில் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். எதிர்பாராத இடைஞ்சல்களை எப்படிச் சமாளிப்பாய் என்று செல்போனுக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

வேலை கிடைத்துவிட்டது, பெங்களூரில். அன்றைய உண்மையான ரீடிங்கை மட்டும் கடைசி வரை யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் மணி கேட்டால், "எட்டே கால் யூனிட்" என்றுதான் என் கணவர் பதில் சொல்வார்.

அவள் கிளம்பிய அன்று பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நானும் பெரிய மனுஷியாக ஒரு வார்த்தை சொன்னேன்: "ரூமுக்குப் போனதும் மீட்டரைப் பாத்துக்க கண்ணு."

"போட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பறேனுங்க்கா. ஆபீசுக்கு லேட்டாயிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."