ஆறு கம்பளியும் ஒரு போத்தல் தண்ணியும்

கிட்ட வந்து குந்துங்க. நான் கெட்டிக்காரன்னு நெனைக்கிறவங்க இன்னும் கிட்ட வாங்க.

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். எங்க தேயிலைத் தோட்டத்துத் தொரை யாலக் காட்டுல நாலு நாள் கூடாரம் அடிச்சுத் தங்கப் போறார். சாமான் கட்டணும், கூடப் போய்ச் சமைக்கணும்.

பங்களா சமையல்காரன் இந்தியாவுக்குப் போயிட்டான். மலையில தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கிட்டிருந்த என்னைக் கூப்பிட்டாங்க.

"நல்லாச் செஞ்சா குசினி வேலை ஒனக்கு. அந்தக் காடு தெரியுமா?"ன்னார் தொரை.

"கதிர்காமம் போயிருக்கேனுங்க. அந்தப் பக்கமெல்லாம் அத்துப்படி!"

போனது நெசம். லொறியில தூங்கிக்கிட்டே போனேன்.

ஆறு கம்பளி கட்டினேன். காடுன்னா குளிருமே! அட்டை கடிக்காம இருக்கச் சவுக்காரம், சுண்ணாம்பு. காஞ்ச விறகு ரெண்டு கட்டு. தொரை தன் பங்குக்கு விஸ்கி, ஒரு பெட்டி சோடா, கித்தான்ல செஞ்ச குளியல் தொட்டி.

எம் பொண்டாட்டி ராமாயி கேட்டா: "ஏங்க, தண்ணி?"

"அடியே, தண்ணியை எவனாச்சும் மூட்டை கட்டுவானா? போற எடத்துல பீலி கொட்டும்!"

நம்ம மலையில எந்த வளைவுல திரும்பினாலும் பாறையிலேருந்து பீலியில தண்ணி கொட்டுதே, அந்த நெனப்பு.

அவ ரெண்டு தகரம் தண்ணி புடிச்சு லொறியில ஏத்தினா. நான் எறக்கி வச்சிட்டேன். விறகுக்கு எடம் வேணுமே!

மலை எறங்கி வெல்லவாய தாண்டினதும் வேர்த்துக் கொட்டுச்சு. காட்டுக்குள்ள போனா, பாக்குற எடமெல்லாம் காஞ்ச விறகு! கொளம் வெடிச்சுக் கெடக்கு. நடுவுல கொஞ்சம் சேறு. அதுல ஒரு எருமை படுத்திருக்கு. எந்திரிக்கிற மாதிரியே தெரியல.

"தேத்தண்ணி!"ன்னார் தொரை.

வேற வழி? சோடாவைக் கேத்தல்ல ஊத்திக் கொதிக்க வச்சேன். ஊரு ஒலகத்துக்கே தேயிலை அனுப்புற மனுசன், ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பினார்.

"என்ன இது?"

"யாலத் தேத்தண்ணிங்க. இந்தப் பக்கம் இப்பிடித்தான்."

"தண்ணி எங்கே?"

"தொட்டி இருக்குங்க தொரை."

தொட்டியை நெனச்ச மனுசனுக்கும் தண்ணி நெனப்பு வரல. ஆனா பழி யாருக்கு? குசினிக்கு!

மறுநாளே திரும்பிட்டோம். அடுத்த நாள் காலையில நான் பழையபடி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல, கவ்வாத்துக் கத்தியோட வரிசையில. மழைன்னா மழை, அப்பிடி மழை! தலையில கம்பளி, பக்கத்துல பீலி கொட்டுது.

சனமெல்லாம் பாக்க ராமாயி வந்தா. ஒரு போத்தல் தண்ணியை என் கையில குடுத்துட்டு, கூடையை மாட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டா.