ஞாயிற்றுக்கிழமை மூக்குச் சோதனை

"ஞாயித்துக்கிழமை நானே வந்து மோந்து பாப்பேன். அப்பவும் நாறினா நகராட்சிக்கு மனு போயிடும்" என்று மதிலுக்கு மேல் தலையை மட்டும் காட்டிச் சொன்னார் பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவதிலிருந்து இன்னும் பெறவில்லை.

மதிலுக்கு இப்பால் நின்று கேட்டவள் பேருந்து ஓட்டுநர். கொல்லையிலிருந்த மீன் புகையறையை விடுமுறை நாட்களில் தன் கையாலேயே கட்டியவள் அவள். அதில் வாட்டிய மீன் தெருமுனைக் கடைக்குப் போனால் அன்றே தீர்ந்துவிடும்.

அவள் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. தையற்காரக் கணவனைக் கேட்டால், புகையறையில் புகை வாடைதான் அடிக்கும் என்று சொல்லி நூலைக் கடித்தான்.

வியாழக்கிழமை புகையறைச் சுவரில் வினிகரை ஊற்றிக் கழுவினாள். சுவர் இன்னும் சூடாக இருந்தது. ஆவி குப்பென்று கிளம்பி, கொடியில் காய்ந்த சட்டைகளெல்லாம் புளித்துப்போயின. அதைப் போக்க வெள்ளிக்கிழமை எலுமிச்சைத் தோலை எரித்தாள். ஈரத்தோல் கரும்புகை கக்கிச் சுவரெல்லாம் பிசுக்காகப் படிந்தது. அதன்மேல் வாசனைத் தைலம் தெளித்தாள். மீன் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல ஒரு வாடை எழுந்தது. மதிலுக்கு அப்பால் ஏழு தும்மல் கேட்டது.

"மறைக்கிறத விட்டுட்டுச் சுரண்டு" என்றான் கணவன்.

சனிக்கிழமை விடுப்பு எடுத்தாள். சாம்பலை அள்ளிக் கொட்டினாள். கொழுப்பு சொட்டும் தட்டைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்தாள். கணவன் கம்பி பிரஷால் வலைத்தட்டுகளைத் தேய்க்க, அவள் சுவர்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தாள். கதவையும் புகைப்போக்கியையும் திறந்து காயவிட்டு, கடைசியில் மிச்ச ஈரம் போகக் காய்ந்த விறகில் சிறு தீ மூட்டினாள்.

மறுநாள் தலைமையாசிரியர் மனைவியோடு வந்தார். நான்கு மூலையிலும் மூக்கை வைத்தார். தட்டைப் புரட்டினார். முகம் தொங்கிப்போனது.

"நாறல" என்றார், மனசில்லாமல் நூற்றுக்கு நூறு போடுகிறவர் மாதிரி.

"எழுதிக் குடுங்க சார்."

தயாராகக் கொண்டுவந்திருந்த மனுவின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி, பேருந்தை மலையேற்றி நிறுத்தியவளைப் போல நிமிர்ந்து நின்றாள்.

அரைமணி நேரத்தில் அவர் மனைவி மட்டும் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தாள்.

"இங்க நாறலன்னா எங்க வீட்டுல ஏன் நாறுதுன்னு தேடினேன் தங்கச்சி, டாக்டர் தொடவே கூடாதுன்னு சொன்ன உங்க மீன் எட்டை முனைக்கடையில வாங்கிப் புத்தக அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்காரு மனுஷன்."