திருப்பி அனுப்பும் அட்டைப்பெட்டியும் திருகாணி கழற்றும் எலியும்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்; முதல் வரியிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். நீ அனுப்பிய அட்டைப்பெட்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுவாய். சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு முழங்கையால் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பாயே, இன்றைக்கும் உன் யோசனைகள் எல்லாம் சரியாக அந்த இடத்தில்தான் வந்து இடிக்கின்றன.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருக்கிறது. உன் மருமகள் குண்டூசிக்கு நாலு வயதாகப் போகிறது. பள்ளியிலிருந்து கூட்டி வரப் போன இடத்தில் டீச்சர் என்னை ஓரமாக அழைத்து, "கிரேயானைக் கையில குடுத்தா நழுவ விட்டுடறா சார், பட்டன் போட வரல, விரல்ல பலமே இல்ல, ரெண்டு வாரம் போகட்டும், திங்கட்கிழமை மறுபடி பாக்கறேன், அப்பவும் இப்படியே இருந்தா சின்ன வகுப்புக்கே அனுப்பிடலாம், எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார், தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் யார்? மூக்குக்கண்ணாடிக் கடையில் எள்ளு மாதிரித் திருகாணியை நாள் முழுக்க மாட்டிக் கழற்றுகிறவன். எனக்குப் பிறந்தவளுக்கு விரலில் பலமில்லையா? அவள் தூங்கும்போது அந்தக் கையை எடுத்துப் பார்க்கிறேன், ஐந்து விரலும் ஒழுங்காகத்தான் இருக்கிறது, பயம்தான் போகவில்லை அக்கா. அவள் அம்மா பயிற்சிக்காக வெளியூர் போனவள் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். அவளிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் நீ, "இதெல்லாம் ஒரு விஷயமாடா, வீட்ல இருக்கறத வச்சே விரலுக்கு வேலை குடு, தானா வரும்" என்று சொல்லி, துணிக் கிளிப்பு, பெரிய ஓட்டை மணி, ஷூ லேஸ், ஸ்பாஞ்சு, இடுக்கி எல்லாம் போட்டுப் பெட்டியை அனுப்பினாய். பாலர் பள்ளி நடத்துகிறவள் சொல்கிறாளே என்று நம்பினேன். கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அவளுக்கு என் வேலை மேசை மாதிரியே ஒரு மேசை போட்டேன். சாமான் தட்டு வலப்பக்கம், இடுக்கி வலப்பக்கம், நான் எதிரில். எங்கள் தொழிலில் இடது கை கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், வலது கைதான் வேலை செய்யும். முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆனால் அவளுடைய இடது கை இருக்கிறதே, அது சும்மா இருக்காது, தட்டுக்குத் தாவும், அதைப் பிடித்து மேசையில் வைத்து மேலே என் கையை வைத்துக்கொள்வேன், கொஞ்ச நேரத்தில் அடியில் மீன் மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

சரி, என்ன நடந்தது என்று கேள். பயறையும் கடலையையும் கலந்து பிரிக்கச் சொன்னேன், அவள் நாலு கடலையை உருட்டிவிட்டுக் கொட்டாவி விட்டாள், இப்படித்தான் என்று காட்ட ஆரம்பித்த நான் கிண்ணம் காலியாகும்வரை நிறுத்தவில்லை. மணி கோர்க்கச் சொன்னேன், லேஸைக் கீழே போட்டாள், நான் கோர்த்துக் காட்டிய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறந்துபோய்க் கடைக்கே போய்விட்டேன், முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் பிழியச் சொன்னேன், அவள் வலது கையால் ஒரு தட்டுத் தட்டினாள், இரண்டு கிண்ணமும் கவிழ்ந்து தண்ணீர் தரை வழியே இறங்கி, கீழ் வீட்டுக்காரர் விரித்த குடையோடு மாடி ஏறி வந்தார். "உங்க வீட்ல மழையா சார்?" என்றார். பிள்ளைக்கு விரல் பயிற்சி என்றேன். "விரலுக்குத்தானே, எதுக்கு இவ்ளோ தண்ணி?" என்று கேட்டார் மனுஷன். மாவு பிசையச் சொன்னதைப் பற்றி எழுதவே மாட்டேன், அது இன்னமும் சுவரில் இருக்கு.

இது போதாதென்று வீட்டுக்குள் ஒரு எலி. சாதாரண எலின்னு நினைக்காதே. நான் பால் வாங்கிவிட்டு வருவதற்குள் டிவி ரிமோட்டின் பின்மூடி தனியா, பேட்டரி தனியா கிடக்குது. நான் குளிச்சிட்டு வந்தா மாத்திரை புட்டியோட மூடி திறந்திருக்குது, அமுக்கிக்கிட்டே திருகணும்னு எனக்கே ஒரு வாரம் பிடிபடாத மூடி அது! அத்தனை துணிக் கிளிப்பும் திரைச்சீலை ஓரத்தில் வரிசையா மாட்டியிருக்குது. முதல்ல கீழ் வீட்டுக்காரர் மேலதான் சந்தேகம், தண்ணிக்குப் பழிவாங்கறாரோன்னு. அப்புறம் அந்த மனுஷன் எதுக்கு மெனக்கெட்டு மாடி ஏறி வந்து கிளிப்பு மாட்டப்போறார்னு விட்டுட்டேன். எலிக்கூண்டு வாங்கிட்டு வந்து பிஸ்கட் வச்சேன். சாயங்காலம் பார்த்தா பிஸ்கட் இல்ல, கொக்கியைக் கழற்றிப் பத்திரமா ஓரத்தில் வச்சிருக்குது. குண்டூசி வாயைத் துடைச்சுக்கிட்டே, "எலி ரொம்ப நல்ல எலிப்பா"ன்னா.

உச்சகட்டம் நேத்து. கணக்கு டீச்சர் ஒருத்தரோட கண்ணாடியை ராத்திரி பார்த்துக்கலாம்னு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறையில் பால் பொங்குதேன்னு ஓடிட்டு வர்றதுக்குள்ள, காதுக்கம்பி ரெண்டும் தனியா, என் சின்ன ஸ்க்ரூடிரைவர் பக்கத்துல, திருகாணி ரெண்டும் ஒரு கீறல் இல்லாம பாட்டில் மூடிக்குள்ள. கடையில் புதுசா சேர்ந்தவனுக்கு அதைக் கத்துக்குடுக்க ஆறு மாசம் ஆச்சு. நானே கழற்றிட்டு மறந்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் தலை சுத்துச்சு. அப்புறம் பார்த்தேன், மூடி இடப்பக்கம் இருந்துச்சு. நான் எப்பவும் வலப்பக்கம்தான் வைப்பேன், அதனால நான் இல்ல. அது மட்டும் நிச்சயம்.

ஆகவே அக்கா, என்னால் முடியவில்லை. பிள்ளைக்குக் கிரேயான் பிடிக்க வரவில்லை, எலிக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வருகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். உன் பெட்டியை டேப் ஒட்டி, சணல் கயிற்றால் நாலு பக்கமும் முடிச்சுப் போட்டு அனுப்புகிறேன், எந்த எலியாலும் அவிழ்க்க முடியாது. மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் ஆசி எங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் போல வேண்டும், யோசனை மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் சொல் கேட்டுக் கெட்ட தம்பி

பின்குறிப்பு: அக்கா, பெட்டி வராது. எதிர்பார்க்காதே. இந்தக் கடிதத்துக்கு உறை தேடிட்டு வந்து உட்கார்ந்தேன், குண்டூசி பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. இத்தனை நாளா எதிர்ல உட்கார்ந்தே பழகிட்டேனா, பக்கத்துல உட்கார்ந்ததே இல்ல. உறையில உன் பேரை எழுதும்போது விலாவுல ஒரு இடி. பழைய இடி, அதே இடம். எழுத்து கோணிப்போச்சு. "அக்கா, தள்ளி உட்காரு"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்கறேன். நாலு முடிச்சும் அவிழ்ந்து கிடக்குது, டேப்பை ஒரு மூலையிலிருந்து நகத்தால கிழியாம உரிச்சுக்கிட்டிருக்கா. இடது கையால. வலது கை சமத்தா பெட்டியைப் பிடிச்சுக்கிட்டிருக்குது.

நீ இடது கையாலதான் எழுதுவேங்கறது எனக்கு எப்படி மறந்துச்சு அக்கா?

கிரேயானை எடுத்து மேசைமேல் வச்சேன், கையில குடுக்கல. அவளே எடுத்தா, இடது கையால. ஒரு வட்டம், அதுக்கு வால், அதுக்கு மீசை. "யாரும்மா இது?"ன்னேன். "எலி"ன்னா. டாக்டருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதுட்டு உட்கார்ந்திருந்தேன், அதை உன் தம்பி பொண்டாட்டிகிட்ட சொல்லாதே. டீச்சர்கிட்ட திங்கட்கிழமை நானே பேசிக்கறேன். பெட்டியில இருக்கிறதெல்லாம் இவளுக்குத் தூசு, இன்னும் கஷ்டமா ஏதாவது இருந்தா உடனே அனுப்பு.

விலா வலிக்குது. நகர்ந்து உட்கார மனசு வரல.